சமாளி நிரப்பிய பாட்டில்

அந்தக் கண்டக்டருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளம் போடுகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. டிப்போவிலும், மலைப்பாதை நெடுக இருக்கிற நிறுத்தங்களிலும், பாதை முடிகிற கடைசி ஊரிலும் அவனுக்குப் பெயர் சமாளி.

வண்டி தாமதமாக வந்து ஜனங்கள் முறைத்தால், "வழியில பாறை விழுந்திருச்சுங்க, நாங்களே கையால தள்ளிட்டு வர்றோம்" என்று உள்ளங்கையைத் தேய்த்துக் காட்டுவான். எந்தப் பாறையும் விழுந்திருக்காது. டிரைவர் டீக்கடையில் யாரிடமோ வாய்ச்சண்டையில் இருந்திருப்பார். பிள்ளைத்தாய்ச்சிக்கு எழுந்து இடம் கொடுக்காத ஆளின் காதில் போய், "அண்ணே, அந்த சீட்டுல காலையில ஒருத்தர் வாந்தி எடுத்தாரு. தொடச்சதோட சரி, கழுவலை" என்பான். ஆள் துள்ளி எழுந்துவிடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். சமாளி பூசணிக்கொடியையே மறைத்து, அதன்மேல் ஊறுகாயும் வைக்கிற ரகம். ஆனால் அவன் பொய்யால் யாருடைய குடியும் கெட்டதில்லை. வண்டி ஓட வேண்டும், யாரும் யார் சட்டையையும் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான் அவன் கணக்கு.

அவன் மிக அதிகமாகச் சமாளித்துக் கொடுத்தது தன்னுடைய டிரைவருக்காக. டிரைவருக்குப் பட்டப்பெயர் ஒட்டகம்.

அந்தப் பட்டப்பெயருக்குக் காரணம் அவர் உயரமோ நடையோ இல்லை, தண்ணீர். அந்தப் பாதை ஒற்றை வண்டிப் பாதை. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். நடுவழியில் வண்டியை நிறுத்திவிட்டு ஒதுங்கலாம் என்றால் ஒதுங்க இடம் கிடையாது; எதிரே வருகிற லாரி மேலே ஏறவும் முடியாமல் பின்னால் போகவும் முடியாமல் ஹாரன் அடித்தே ஆளைக் கொன்றுவிடும். அதனால் அந்தத் தடத்து டிரைவர்கள் ஸ்டியரிங் பிடிப்பதற்கு வெகு நேரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அடக்க முடியாமல் நடுவழியில் நிறுத்தியவனுக்கு டிப்போவில் "ஒழுகுற குழாய்" என்று பெயர் விழும். விழுந்த பெயர் ஓய்வு பெறும் நாள் வரைக்கும் போகாது. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நிறுத்தாதவர் ஒட்டகம். கிளம்பும்போது ஒரு மடக்கு, போய்ச் சேர்ந்ததும் ஒரு மடக்கு. அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

அவர் மனைவி தினமும் சாயங்காலம் சமாளிக்குப் போன் போடுவார்.

"தம்பி, அவர் தண்ணி குடிச்சாரா?"

"குடிச்சாரு அண்ணி. குடம் குடமா குடிக்கிறாரு. நான்தான் நிறுத்துங்கண்ணேன்னு சொல்ல வேண்டியிருக்கு."

பக்கத்தில் ஒட்டகம் உதடு காய்ந்து உட்கார்ந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். அண்ணி நிம்மதியாகப் போனை வைப்பார். இப்படித்தான் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

வண்டி ராத்தங்கல் போடுகிற கடைசி ஊர், மரங்கள்கூட ஏறி வர யோசிக்கிற உயரத்தில் இருந்தது. மூச்சை இரண்டு தவணையாக இழுக்க வேண்டும். வீடுகள் கல் மேல் கல் அடுக்கி, மேலே உத்தரம் போட்டு, அதன்மேல் மண்ணைக் கொட்டி மெழுகியவை. குளிருக்கு அதைவிடத் தோதான வீடு இல்லை. பூமி ஆடினால் அதைவிட மோசமான வீடும் இல்லை.

அன்று விடிந்தும் விடியாத பொழுதில் சமாளி வண்டியின் முன்கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஒட்டகம் பஸ்காரர்கள் தங்கும் அறைக்குள் காலுறை மாட்டிக்கொண்டிருந்தார். முதலில் வண்டி தானாகக் குலுங்கியது. 'அண்ணன் எப்ப ஏறினாரு, ஸ்டார்ட் பண்ணிட்டாரா?' என்றுதான் சமாளி நினைத்தான். அடுத்த நொடி நிலம் அவன் காலை வாரியது. சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவன் பார்த்தபோது அறை இருந்த இடத்தில் தூசி நின்றது. தூசி அடங்கியபோது அங்கே கற்குவியல்.

ஒட்டகத்தின் குரல் கேட்டதுதான் முதல் நல்ல சேதி. "டேய் சமாளி! செத்துட்டேன்னு நினைச்சு என் போர்வையை எடுத்துடாதே!"

இடுப்புக்கு மேலே அவருக்கு ஒரு கீறலும் இல்லை. உத்தரம் இரண்டு தொடைகளின் மேலும் குறுக்கே விழுந்து, அதன்மேல் சுவரின் பாதி உட்கார்ந்திருந்தது. ஊரில் தப்பித்தவர்கள் எல்லாரும் அவரவர் வீட்டுக் குவியலைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சமாளி ஒற்றை ஆளாகக் கல்லைக் கல்லாக எடுத்தான். அப்புறம் வண்டியின் ஜாக்கியைக் கொண்டுவந்து உத்தரத்துக்கு அடியில் கொடுத்து, நிலம் மறுபடி மறுபடி நடுங்க, இஞ்ச் இஞ்ச்சாக ஏற்றினான். வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில்தான் அவரை வெளியே இழுக்க முடிந்தது. கால் இரண்டும் ஒடியவில்லை. தொடை கன்றிப் போயிருந்தது, அவ்வளவுதான்.

"பார்த்தியா, ஒட்டகத்துக்கு எலும்பு இரும்பு" என்றார் அவர். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சமாளிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஊரின் சுகாதார நிலையத்துக்குக் கூரை இல்லாமல் போயிருந்தது. அங்கே இருந்த நர்சம்மா தலையில் கட்டுடன் வந்து பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தார். அடுத்த அதிர்வில் விழாத சுவர் என்று அந்த ஊரில் பாக்கி இருந்தது பஸ்ஸின் தகரம் ஒன்றுதான். "எல்லாரையும் இதுல ஏத்துங்க" என்றார். அப்படி ஆஸ்பத்திரி ஆனது பஸ். நிற்கிறவர்கள் பிடித்துக்கொள்ளும் மேல்கம்பியில் குளுக்கோஸ் பாட்டில்கள் தொங்கின. கடைசி நீள சீட்டில் ஒட்டகத்தைப் படுக்க வைத்தார்கள். அதற்கு முன் சீட்டில் இடுப்பெலும்பு முறிந்த ஒரு தச்சர், வலியில் பல்லைக் கடித்தபடி. அதற்கும் முன்னால் முட்டைக்காரக்கா.

முட்டைக்காரக்கா இந்த வண்டியின் நிரந்தரப் பகை. முட்டைக் கூடையை என்ஜின் மூடி மேல் வைத்துத்தான் கொண்டுவருவேன் என்பார். "வெந்துடும்க்கா" என்று ஒட்டகம் கத்துவார். "வெந்தா நீ தின்னு" என்று இவர் கத்துவார். அன்று காலையிலும் முதல் வண்டிக்குக் கூடையோடு வந்து நின்றவர், சுவர் சரிந்து முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்து கிடந்தார்.

"கூடை எங்க?" என்றார் சமாளியைப் பார்த்ததும்.

"பத்திரமா இருக்குக்கா. ஒரு முட்டைகூட உடையலை."

"பொய் சொல்றே."

"சத்தியமா. நீங்கதான் உடைஞ்சிருக்கீங்க."

அது மெய்யாகவே உண்மை. அவர் நம்பவில்லை.

மத்தியானம் ஹெலிகாப்டர் ஒன்று வந்து இறங்கியது. நாலைந்து பெட்டிகளையும் ஒரு டாக்டரையும் இறக்கிவிட்டு, தலையில் அடிபட்ட இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போயிற்று. அந்த உயரத்தில் காற்றுக்குக் கனமில்லை. இரண்டு பேருக்கு மேல் தூக்கினால் அது எழும்பாதாம். மேகம் இறங்குவதற்குள் இன்னும் ஒரே ஒரு தடவை வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். சமவெளிக்காரர். ஒரேயடியாக இவ்வளவு உயரத்துக்கு வந்ததில் தலை இரண்டாகப் பிளக்க, படியேறும்போதே வாயைப் பொத்திக்கொண்டார். சமாளி ஒன்றும் கேட்காமல் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்து நீட்டினான். மலைத்தடத்துக் கண்டக்டரிடம் டிக்கெட் இல்லாமல் போகலாம், வாந்திக் கவர் இல்லாமல் போகாது. டாக்டர் வேலையை முடித்து, வாயைத் துடைத்து, "தாங்க்ஸ். இன்னும் ஒண்ணு வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, முதல் சீட்டிலிருந்து ஆரம்பித்தார்.

ஒட்டகத்தின் தொடையை அழுத்திப் பார்த்தபோது டாக்டரின் முகம் மாறியது. எவ்வளவு நேரம் உத்தரத்துக்கு அடியில் இருந்தார் என்று கேட்டார். பிறகு நர்சம்மாவிடம் ஏதோ சொன்னார். குழாய் போட்டு மூத்திரம் எடுக்கிற சாமான் அடுத்த ஹெலிகாப்டர் பெட்டியில்தான் வரும். அதுவரைக்கும் பாட்டிலில் பிடித்துப் பார்த்தாக வேண்டும் என்பது மட்டும் சமாளி காதில் விழுந்தது. நர்சம்மா ஒரு ஜாடி நிறைய உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரையும், வாயகன்ற ஒரு பாட்டிலையும் கொண்டுவந்து வைத்தார்.

"இது பூராவையும் குடிங்கய்யா. அப்புறம் இந்தப் பாட்டில்ல ஒண்ணுக்குப் போய்க் குடுங்க. நான் வந்து வாங்கிக்கறேன்."

நர்சம்மா நகர்ந்ததும் ஒட்டகம் சமாளியின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"டேய். பஸ் பூரா ஆளுங்க. ஜன்னல்ல எட்டிப் பார்க்குது இன்னொரு ஊரு. இதுல எப்படிடா?"

"குடிங்கண்ணே முதல்ல."

"குடிச்சா வரும். வந்தா எங்க போறது? வண்டிக்குள்ளயே போனான்னு டிப்போவுல தெரிஞ்சா? என் வண்டிடா இது!" அவர் பாட்டிலைத் தள்ளி வைத்தார். "குழாய்னு பேர் வச்சிடுவானுங்க."

சமாளிக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. இத்தனை வருஷம் காப்பாற்றிய மானம். ஒரு பாட்டில் விஷயம். இதைவிடப் பெரிய பாறைகளை எல்லாம் அவன் வெறும் வாயால் உருட்டிவிட்டிருக்கிறான்.

"விடுங்கண்ணே. நான் பார்த்துக்கறேன்."

ஜாடித் தண்ணீரை அவனே குடித்தான். விடிந்ததிலிருந்து கல் தூக்கியவனுக்கு அது அமிர்தமாக இறங்கியது. சற்று நேரத்தில் பாட்டிலைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு இறங்கி, பஸ்ஸின் பின்சக்கரத்துக்கு மறைவாகப் போய், நிரப்பிக்கொண்டு வந்தான். நர்சம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அடேயப்பா, தெளிவா இருக்கே! நிறையவும் இருக்கு" என்று மகிழ்ந்துபோய், இன்னொரு ஜாடி கலந்து கொடுத்தார். அதையும் சமாளி குடித்தான். இரண்டாவது பாட்டிலையும் சமாளியே நிரப்பினான். ஒட்டகம் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

இரண்டாவது பாட்டிலையும் பார்த்த பிறகு டாக்டர் ஒட்டகத்தின் தலைக்கு மேல் தொங்கிய குளுக்கோஸைக் கழற்றச் சொன்னார். அதைத் தச்சருக்கு மாற்றினார்கள். பாட்டில்கள் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுதான் இருந்தன.

சமாளி அப்போது முட்டைக்காரக்காவின் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். "ஏன் டாக்டரம்மா, எங்க அண்ணனுக்கு அது போதுமா?" என்றான்.

"அவருக்குப் பயமில்லை." டாக்டர் அக்காவின் மணிக்கட்டைத் தொட்டு நாடி தேடிக்கொண்டே சொன்னார். "நான்தான் ரொம்பப் பயந்துட்டேன். தசை ரொம்ப நேரம் நசுங்கிக் கிடந்தா, பாரத்தை எடுத்ததும் அதுல இருக்கிற அழுக்கெல்லாம் ரத்தத்துல இறங்கும். போய்க் கிட்னியை அடைக்கும். பார்க்க ஆள் நல்லாத்தான் பேசிட்டிருப்பார், சிரிப்பார். திடீர்னு இதயம் நின்னுடும். மூத்திரம் டீ கலர்ல வந்தா ஆபத்து. வரவே வரலைன்னா அதைவிட ஆபத்து. உங்க அண்ணனுக்குத் தண்ணி மாதிரி போயிருக்கு, ரெண்டு தடவை. அதிர்ஷ்டசாலி." நிமிர்ந்து நர்சம்மாவிடம் சொன்னார்: "ஹெலிகாப்டர்ல தச்சரையும் இந்த அம்மாவையும் அனுப்பலாம். டிரைவர் இருக்கட்டும், ரோடு சரியானதும் போகலாம்."

சமாளி அக்காவின் கையைப் பதமாகச் சீட்டில் வைத்தான். அவன் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தான். ஒட்டகம் சீட்டுக் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

கிட்டே போய்க் குனிந்தான். "அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. அடக்கிட்டுத்தானே இருக்கீங்க? முட்டுதுதானே?"

"எங்கடா முட்டுது? காலையில இருந்து அந்த நினைப்பே இல்லை. ஒட்டகம்டா!"

'வெட்கம்' என்று அவன் நினைத்திருந்தான். அங்கே அடக்குவதற்கே ஒன்றும் இல்லை.

அந்த நேரத்திலும் அவன் புத்தி பழைய தடத்திலேயே ஓடியது. யாருக்கும் தெரியாமல் இதைச் சரிக்கட்ட வழியுண்டா? அவன் டாக்டரிடம் போய்த் தலையைச் சொறிந்தான். "டாக்டரம்மா, சும்மா ஒரு சந்தேகத்துக்கு... அண்ணனையும் அதுல ஏத்திடுங்களேன். அவங்க வீட்டுல ரொம்பக் கவலைப்படுவாங்க..."

"வீட்டுக் கவலைக்கு எல்லாம் இடம் இல்லைங்க. ரெண்டே பேர்."

"இல்ல, அண்ணனுக்குச் சின்ன வயசுல கிட்னியில ஒரு கல்லு..."

டாக்டர் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். பொய் முதல் முறையாக அவன் வாயில் பாதியிலேயே செத்தது. அவன் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்தான். ஏன் எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. ஒற்றை விசில் அடித்தான். வண்டியை நிறுத்து என்று அர்த்தம். பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"அது என்னுது" என்றான். "அந்த ரெண்டு பாட்டிலும் என்னுது. அண்ணனுக்கு ஒரு சொட்டு வரலை. தண்ணியும் நான்தான் குடிச்சேன்."



நர்சம்மாதான் முதலில் பேசினார். "உன்னோடதையா நான் வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பார்த்தேன்? தெளிவா இருக்குன்னு வேற கொண்டாடினேனே! அடப்பாவி, உனக்கெல்லாம் யாருய்யா டிக்கெட் கிழிக்கிற வேலை குடுத்தது?"

"அவனைத் திட்டாதீங்க" என்று பின்னாலிருந்து ஒட்டகம் கத்தினார். "நான்தான்... டேய், எல்லார் முன்னாடியும் ஏன்டா சொன்னே?"

டாக்டர் திட்டவில்லை. தலைவலியை மறந்தவர் போல ஓடிப் போய் ஒட்டகத்தின் நெஞ்சில் பட்டைகளை ஒட்டினார். சின்னப் பெட்டி ஒன்றிலிருந்து காகிதம் நெளிந்து நெளிந்து வந்தது. அதைப் பார்த்ததும், "சிஸ்டர், அந்த ஊசி. மெதுவா ஏத்துங்க. மிச்சம் இருக்கிற குளுக்கோஸ்ல பாதி இவருக்கு" என்றார். "இதயம் ஏற்கனவே தடுமாற ஆரம்பிச்சிருக்கு."

மிச்சமிருந்த பாட்டில்கள் தொட்டால் விரல் மரத்துப் போகிற குளிரில் கிடந்தன. அப்படியே ஏற்றினால் ஆள் விறைத்துப் போவார். சமாளி அவற்றை அள்ளிக்கொண்டு முன்னால் ஓடி, சாவியைத் திருகி வண்டியை ஸ்டார்ட் செய்தான். என்ஜின் மூடி மேல் போர்வையை விரித்து, முட்டைக்காரக்கா வழக்கமாகக் கூடையை வைக்கிற அதே இடத்தில் பாட்டில்களை அடுக்கினான். சூடேறியதை எடுத்துச் சட்டைக்குள் வைத்து, பின்சீட்டுக்கு ஓடினான்.

"பார்த்தியா?" என்றார் முட்டைக்காரக்கா, வலியிலும். "நான் சொன்னப்ப வெந்துடும்னீங்க. இப்ப அந்த இடம் எதுக்கு உதவுது பாரு."

அவரைப் பார்க்கத்தான் சமாளிக்குக் கூச்சமாக இருந்தது. ஒட்டகம் போனால் அக்கா போக முடியாது. அதை டாக்டரும் சொல்லத் தயங்கினார். "உங்க கையில நாடி சரியா கிடைக்கலம்மா. ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கு. நாளைக்கு வரைக்கும் விட முடியாது. இங்கயே நேராக்கிப் பார்க்கறேன். வலி ஊசி போடுவேன், ஆனாலும் வலிக்கும்."

"இழும்மா" என்றார் அக்கா. "அந்த ஆளு போய்ச் சேர்ந்துட்டா பஸ்ஸை யாரு ஓட்டறது? இந்தச் சமாளியா? இவன் வாயால ஓட்டுவான்."

டாக்டர் இழுக்க, சமாளி தோளைப் பிடித்துக்கொண்டான். முட்டைக்காரக்கா அலறவில்லை. அதற்குப் பதிலாக, இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வசவை எல்லாம் ஒரே மூச்சில் சமாளி தலையில் கொட்டினார். கூடையை மழையில் மேலே ஏற்றியது, நிறுத்தம் தாண்டி இறக்கிவிட்டது, ஒருமுறை சேவலுக்கு டிக்கெட் கேட்டது. சேவல் வரைக்கும் வந்தபோது எலும்பு ஒரு சத்தத்தோடு இடத்துக்கு வந்தது. டாக்டர் மணிக்கட்டைத் தொட்டார். கண்ணை மூடினார். திறந்தார்.

"அடிக்குது" என்றார். "நல்லா அடிக்குது. நாளைக்கு வரைக்கும் தாராளமா தாங்கும்."

இனி பாக்கி ஒட்டகம்தான்.

மூன்றாவது பாட்டில் ஏறியது. நாலாவது ஏறியது. பேச்சு நின்றுபோய் அவர் மேல்கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே மலையின் தோளில் மேகம் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு சொட்டாவது வந்தால் கிட்னி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், கீழே பெரிய ஆஸ்பத்திரியில் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை.

"அண்ணே" என்றான் சமாளி.

"வருது மாதிரி இருக்குடா" என்றார் அவர் மெல்ல. "ஆனா எல்லாரும் பார்க்கறாங்க."

முட்டைக்காரக்கா கேட்டுவிட்டார். "ஏய்! எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்புங்க! வெளிய நிக்கறவங்க, உங்களுக்கும்தான்! திரும்பாதவன் என்கிட்ட முட்டை வாங்க வர வேண்டாம்!"

பஸ்ஸில் கழுத்தைத் திருப்ப முடிந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். இடுப்பு முறிந்த தச்சர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நர்சம்மாகூட ஒரு சுவரொட்டியைப் படிக்க ஆரம்பித்தார். சமாளி போர்வையைத் தூக்கி மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, தானும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பஸ் அப்படி ஒரு அமைதியை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. முன்பக்கம் என்ஜின் மட்டும் தடதடவென்று உறுமிக்கொண்டிருந்தது.

அப்புறம் பாட்டிலில் ஒரு சத்தம். சின்னதாக, விட்டு விட்டு.

நர்சம்மா வாங்கிப் பார்த்தார். கடுங்காப்பி நிறம். இரண்டு விரற்கடை உயரம்தான். "கறுப்பா இருக்கு" என்றான் சமாளி.

"இருக்கட்டுமே!" டாக்டர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். சிரிக்கும்போதுதான் அவர் எவ்வளவு சின்னப் பெண் என்று தெரிந்தது. "கறுப்போ சிவப்போ, வந்திருக்கு பாருங்க! இதுதாங்க நான் கேட்டது."

யார் கைதட்ட ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை. தச்சர் படுத்தபடியே சீட்டைத் தட்டினார். வெளியே நின்றவர்கள் விஷயம் புரியாமலே தட்டினார்கள். ஒட்டகம் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். போர்வைக்கு உள்ளே அவர் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று சமாளி பார்க்கவில்லை. அவனுக்கே பார்வை மங்கலாகத்தான் இருந்தது.

மேகம் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஹெலிகாப்டர் வந்தது. தச்சரையும் ஒட்டகத்தையும் கதவுப் பலகைகளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏற்றியதும் சமாளி பழக்க தோஷத்தில் இரட்டை விசில் அடித்தான். விமானி திரும்பிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

கீழே ஒட்டகத்துக்குச் சில தடவை இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அப்புறம் கிட்னி தானாகவே வேலைக்குத் திரும்பியது. கொஞ்சம் தாமதமாகியிருந்தால்கூட நெஞ்சு நின்றிருக்கும் என்று அங்கே சொன்னார்கள். முட்டைக்காரக்கா மறுநாள் ஹெலிகாப்டரில் கீழே போய்க் கட்டுப் போட்டுக்கொண்டார்; கை கூடை தூக்குகிற அளவுக்கு ஆயிற்று. ஊரில் போனவர்கள் போனவர்கள்தான். அதை யாராலும் சமாளிக்க முடியாது. ஆனால் அந்தப் பஸ்ஸில் ஏற்றிய யாரும் சாகவில்லை என்பதை நர்சம்மா இன்றைக்கும் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுகிறார், சமாளியின் பாட்டில் கதையையும் விடாமல் சேர்த்து.

பாதை சீராகி, ஒட்டகம் மறுபடி ஸ்டியரிங் பிடித்த நாளில், சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தண்ணீர்க் கேன் இருந்தது. டாக்டர் உத்தரவு. பாதியில், நிலச்சரிவில் பாறை ஒதுங்கிப் புதிதாக அகலப்பட்ட ஒரு வளைவில் வண்டி நின்றது. அவர் இறங்கினார். பின்னாலேயே ஆண்கள் இறங்கினார்கள். பெண்களும் அடுத்த பக்கம் பாறை மறைவுக்குப் போனார்கள். இத்தனை வருஷமாக யாரும் கேட்கத் துணியாத நிறுத்தம் அது என்று அவர்கள் நடந்த வேகத்திலேயே தெரிந்தது. இப்போது அந்த வளைவுக்கு ஒட்டக நிறுத்தம் என்று பெயர். மற்ற வண்டிகளும் அங்கே நிற்கின்றன. ஒழுகுற குழாய் என்று டிப்போவில் யாராவது சொன்னால், "ஆமா, ஒழுகுது. கடவுள் புண்ணியத்துல நல்லாவே ஒழுகுது" என்று ஒட்டகமே சிரிக்கிறார்.

அன்று வண்டி கடைசி ஊருக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஜனங்கள் முறைத்தார்கள். சமாளி உள்ளங்கையைத் தேய்க்கப் போனவன், கையைக் கீழே போட்டான்.

"டிரைவர் ஒண்ணுக்குப் போனாருங்க" என்றான். "அதான் லேட்டு."

யாரும் நம்பவில்லை. "பாறை விழுந்திருக்கும், சொல்ல மாட்டேங்கிறான்" என்று பேசிக்கொண்டே மூட்டைகளை இறக்கினார்கள்.

சாயங்காலம் வழக்கம்போல அண்ணியின் போன் வந்தது.

"தம்பி, அவர் தண்ணி குடிச்சாரா?"

பக்கத்தில் ஒட்டகம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சமாளி கேனைத் தூக்கி ஆட்டிப் பார்த்தான்.

"முக்கால் கேன் அப்படியே இருக்கு அண்ணி."

"டேய்!" என்றார் ஒட்டகம்.

"போனை அவர்கிட்ட குடுங்க தம்பி" என்றார் அண்ணி.

சமாளி போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, டம்ளரைக் கழுவப் போனான்.